ஸ்டாக் தளங்களில் படம் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவைக் கையாளத் தெரிந்தவர்கள், எடுத்த படங்களை விற்கலாமா என்று யோசிக்கும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கமிஷன், குறைந்தபட்ச அளவு போன்ற எண்களைத் தளங்கள் அவ்வப்போது மாற்றும். கணக்குத் தொடங்கும் அன்று அந்தந்தத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக் போட்டோ என்பது என்ன?

யாருக்காவது என்றாவது தேவைப்படும் என்று முன்கூட்டியே எடுத்து, ஒரு கிடங்கில் போட்டு வைக்கும் படம். தேவைப்பட்டவர் தேடி வந்து பணம் கட்டி, பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொள்வார். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதே படத்தை நாளை இன்னொருவரும் வாங்கலாம்.

இந்தத் தொழில் இணையத்தோடு பிறந்ததல்ல. ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாகப் படங்களோடு வெளியேறிய ஓட்டோ பெட்மன், 1936-லேயே நியூயார்க்கில் படக் காப்பகம் தொடங்கி வாடகைக்கு விட்டவர். அந்தக் காலத்தில் ஏஜென்சிகள் தேர்ந்தெடுத்த சிலர்தான் உள்ளே நுழைய முடியும். 2000-ல் ஐஸ்டாக்போட்டோ என்ற தளம் (இன்றைய ஐஸ்டாக்) வந்த பிறகு அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தது. ஜான் ஆரிங்கர் தாமே எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து 2003-ல் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் என்றிருந்த விலை சில டாலராகவும், மாதச் சந்தா வந்ததும் சில சென்டாகவும் இறங்கியது. இன்று நீங்கள் நுழையப்போவது அந்தச் சந்தைக்குள்தான்.

என் படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவை விற்குமா?

பாராட்டுக்கும் விற்பனைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பாராட்டுபவர் படத்தைப் பார்ப்பதற்காகப் பார்க்கிறார். வாங்குபவருக்கு அதை வைத்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அவர் மேசையை நினைத்துப் பாருங்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தை மாலைக்குள் முடித்தாக வேண்டும். பக்கத்தின் மேல்பகுதியில் அகலமான பட்டை ஒன்று காலியாக இருக்கிறது. இடப்பக்கம் தலைப்பு வரும், வலப்பக்கம் ஒரு குடும்பம் வர வேண்டும். நிறுவனத்தின் நிறம் நீலம். தேடல் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டுகிறார், முதல் இரண்டு பக்கங்களை வேகமாக உருட்டுகிறார், நான்கைந்து படங்களை ஓரமாக எடுத்து வைக்கிறார், மேலதிகாரிக்கு அனுப்புகிறார். உங்கள் படத்தின் மேல் அவர் கண் படுவது ஒரு நொடிக்கும் குறைவு, அதுவும் கட்டைவிரல் நகம் அளவில்.

அந்த நொடியில் அவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் படம் எதைப் பற்றியது, எழுத்து போட இடம் இருக்கிறதா, சட்டச் சிக்கல் வருமா என்பவை மட்டும். கேமராவைத் தூக்கும் முன் ‘இதை யார், எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைப்பார்?’ என்று கேட்டுப் பழகியவர்கள்தான் தொடர்ந்து விற்கிறார்கள். பதில் வரவில்லையென்றால் அது சுவரில் மாட்ட வேண்டிய படம். அதில் தாழ்வொன்றும் இல்லை, சந்தை வேறு, அவ்வளவுதான்.

சரி, வாங்குபவர்கள் எந்த மாதிரிப் படங்களைத்தான் தேடுகிறார்கள்?

முதலிடம் எப்போதும் மனிதர்களுக்கு. அதிலும் ஏதாவது வேலையில் ஈடுபட்டிருக்கும் மனிதர்கள். வெல்டிங் செய்பவர், வீட்டிலிருந்தபடி கணினியில் கூட்டத்தில் பேசுபவர், பேரக் குழந்தையோடு வீட்டுப்பாடம் செய்யும் தாத்தா, கிடங்கில் பெட்டி அடுக்கும் பெண், சக்கர நாற்காலியில் அமர்ந்து அலுவலக வேலை பார்ப்பவர். உடல்நலம், மனநலம், முதுமை, தனிநபர் நிதி, கடன், வீடு வாங்குவது, கல்வி, இணையப் பாதுகாப்பு, சூரிய மின்சாரம், கழிவு மறுசுழற்சி: இவற்றைப் பற்றி ஊடகங்களும் நிறுவனங்களும் தினமும் எழுதியாக வேண்டும், எழுதும்போதெல்லாம் படம் வேண்டும். நாளிதழின் வணிகப் பக்கத்தையும் உடல்நலப் பக்கத்தையும் ஒரு வாரம் புரட்டினால், அடுத்து என்ன எடுக்கலாம் என்ற பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.

அடுத்தது, உண்மையாகத் தெரிவது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் வெள்ளைப் பின்னணியில் சூட் போட்ட ஐந்து பேர் கைகட்டிச் சிரித்தால் போதும். அந்தச் செயற்கைச் சிரிப்பு கேலிப்பொருளாகிவிட்டது. தளங்களே அதை மாற்றத் தொடங்கின. பெண்களை வேறு விதமாகக் காட்ட பெண்கள் முன்னேற்றத்துக்கான லீன் இன் அமைப்புடன் சேர்ந்து, பெரிய ஸ்டாக் நிறுவனமான கெட்டி இமேஜஸ் 2014-ல் தனித் தொகுப்பு வெளியிட்டது. 2019-ல் டவ் சோப்பு பிராண்டோடு இதேபோல் இன்னொன்று. 2017 அக்டோபர் 1 முதல், உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ காட்டத் திருத்திய படங்களைக் கெட்டி ஏற்பதில்லை. அப்படித் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற பிரெஞ்சுச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே நாளில்தான். ஆகவே சுருக்கம், நரை, தொப்பை, கலைந்த மேசை எல்லாம் இன்று குறையல்ல.

ஒரே ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம். வயதான ஒருவர் கைப்பேசியில் மருத்துவரிடம் பேசுகிறார். இதை எப்படி எடுத்தால் விலைபோகும்? கைப்பேசித் திரை கேமராவை நோக்கித் தெரியும்படி ஒன்று, திரை வெறுமையாக இருக்கட்டும். வாங்குபவர் தன் செயலியின் படத்தை அதில் ஒட்டிக்கொள்வார். முகம் மட்டும் நெருக்கத்தில் ஒன்று. மருந்து அட்டையைப் பிடித்திருக்கும் கை மட்டும் ஒன்று, அட்டையில் கம்பெனிப் பெயர் தெரியக் கூடாது. கவலையோடு கேட்பது ஒன்று, நிம்மதி அடைந்தது ஒன்று. அவர் இடப்பக்கம் இருக்க வலப்பக்கம் சுவர் காலியாக ஒன்று, அதையே நெட்டுவாக்கில் ஒன்று. மகள் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது ஒன்று. ஒரு மணி நேர வேலை. ஆனால் மருத்துவமனை விளம்பரம், செயலி விளம்பரம், முதியோர் பராமரிப்புக் கட்டுரை, மருந்துச் செலவு பற்றிய செய்தி என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளிடம் போகும்.

மூன்றாவது வகை, கருத்துப் படங்கள். ‘அபாயம்’, ‘முடிவெடுத்தல்’, ‘வளர்ச்சி’, ‘கூட்டுழைப்பு’ என்று தேடி வருபவர்கள் ஏராளம். பிரியும் இரண்டு பாதைகள், சரியப்போகும் மரக்கட்டை அடுக்கு என்று மேசை மேலேயே எடுத்துவிடலாம், ஆள் வேண்டாம், அனுமதிப் படிவம் வேண்டாம். நாணயக் குவியலில் முளைக்கும் செடி மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஏற்கெனவே ஒரு காடே இருக்கிறது.

சூரிய அஸ்தமனம், பூக்கள், பூனைகள்?

எல்லாத் தளங்களிலும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. புதிதாக ஒன்றை ஏற்றினால் எண்பதாவது பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் பூவின் சரியான தாவரவியல் பெயரோடு, இலை, காய், வேர் எல்லாம் தனித்தனியாக எடுத்தால் பாடநூல் பதிப்பகங்களும் தோட்டக்கலை இதழ்களும் வாங்கும். பூனைக்கு ஊசி போடும் கால்நடை மருத்துவரின் படம் விற்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை விற்காது.

‘காலியிடம் விடுங்கள்’ என்கிறார்களே, ஏன்?

எழுத்து, லோகோ, பொத்தான் வைப்பதற்கு. படம் எடுப்பவர்களுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம். சட்டகத்தை நிரப்பு என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். இங்கே பாதிச் சட்டகத்தைத் தெளிவான வானத்துக்கோ, மங்கலான சுவருக்கோ விட்டுக்கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பியின் திரையில் வந்த பச்சைக் குன்றை மறந்திருக்க மாட்டீர்கள். கலிஃபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் சார்லஸ் ஓரியர் 1996-ல் ஃபிலிமில் எடுத்து, ஸ்டாக் ஏஜென்சி வழியாக விற்பனைக்கு வைத்திருந்த படம் அது. பிற்பாடு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. அதில் இருப்பது என்ன? கீழே ஒரு வளைவு, மேலே வானம். நடுவில் மரமோ வீடோ ஆளோ இல்லை. அதனால்தான் மேலே எத்தனை ஐகான் வைத்தாலும் இடறவில்லை. கண்காட்சிக்கு அனுப்பியிருந்தால் ‘மையப்பொருள் எங்கே?’ என்று நடுவர் கேட்டிருக்கக்கூடும்.

எடுக்கும்போது ஒரே காட்சியைக் கிடையாக, நெடுவாக, காலியிடம் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று மாற்றி மாற்றி எடுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நெருக்கமாக எடுத்துவிட்டால், விரிக்க வழியிருக்காது. வெட்டுவது வாங்குபவரின் வேலை.

எந்தத் தளங்களில் சேரலாம்?

புதியவர்கள் பெரும்பாலும் அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக், ஐஸ்டாக் மூன்றில் தொடங்குகிறார்கள். அடோபி 2015-ல் ஃபோட்டோலியா என்ற தளத்தை வாங்கி உருவாக்கியது அடோபி ஸ்டாக். போட்டோஷாப் மாதிரி மென்பொருளுக்குள்ளிருந்தே வடிவமைப்பாளர்கள் படம் தேடி வாங்க முடிவது அதன் பலம். ஐஸ்டாக்கை 2006-ல் வாங்கியது கெட்டி. செய்தி, ஊர்கள், கட்டடங்கள், அன்றாட வாழ்க்கை மாதிரிப் படங்கள் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு அலாமி ஏற்றது. அங்கே விற்பனை குறைவு, ஒரு விற்பனையின் மதிப்பு பெரும்பாலும் அதிகம். ட்ரீம்ஸ்டைம், டெபாசிட்போட்டோஸ், 123ஆர்எஃப் போன்றவை அதற்கு அடுத்த வரிசை. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. போட்டி குறைந்தால் படம் எடுப்பவருக்கு லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு கிடைக்கும்?

அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில் 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகள். அந்த ஆண்டில் எத்தனை பதிவிறக்கம் என்பதைப் பொறுத்து மேலே ஏறுவீர்கள், ஜனவரி 1 அன்று எல்லோரையும் முதல் படிக்கே இறக்கிவிடுவார்கள். டிசம்பர் வரை ஏறிய ஏணியைப் புத்தாண்டில் பிடுங்கும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து அப்போதே பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஏற்பாடு மாறவில்லை. ஐஸ்டாக்கில், அந்த ஒரு தளத்துக்கு மட்டுமே தருவதாக ஒப்பந்தம் செய்யாதவர்களுக்கு 15 சதவீதம்.

சதவீதத்தைவிட முக்கியம், எதன் சதவீதம் என்பது. வாங்குபவர் மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கில் பதிவிறக்கினால் ஒரு படத்தின் விலை மிகச் சிறியது. உங்கள் பங்கு சென்ட் கணக்கில் வரும். அதே படத்தை ஒருவர் நீட்டித்த லைசென்ஸில் (கூடுதல் பயன்பாட்டை அனுமதிக்கும், விலை அதிகமான உரிமம்) வாங்கினால் பல டாலர் வரும். இதை மட்டுமே தொழிலாக நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் வேலையின் ஓரத்தில் வளரும் வருமானமாக நினைத்தால் மனசு நோகாது. பத்துப் படங்கள் மாதம் முழுக்க அசையாமல் கிடக்கும், பதினோராவது ஒன்று மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம் சம்பாதிக்கும். எந்தப் படம் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசமா? அப்போது எனக்கு என்ன வரும்?

இலவசம் இல்லை. வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டினால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பதே பொருள். அதற்கும் வரம்பு உண்டு: ஷட்டர்ஸ்டாக்கின் சாதாரண லைசென்ஸில் அச்சுப் பிரதி 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. டி-சர்ட், கோப்பை, சுவரொட்டி என்று படத்தையே சரக்காக்கி விற்க வேண்டுமானால் கூடுதல் விலையுள்ள லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம், எங்கே, எவ்வளவு காலம், எத்தனை பிரதி என்று பார்த்து விலை வைக்கும் ‘ரைட்ஸ் மேனேஜ்டு’ முறை. விளம்பர வகைப் படங்களுக்கு இந்த முறையை 2020-ல் கெட்டி கைவிட்டது. புதியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படத்தில் ஆட்கள் இருந்தால் அனுமதி வாங்க வேண்டுமா?

விளம்பரப் பயன்பாட்டுக்கு என்றால் கட்டாயம். ‘மாடல் ரிலீஸ்’ என்ற படிவத்தில் படத்தில் இருப்பவர் கையெழுத்திட வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பல தளங்கள் சாட்சிக் கையெழுத்தும் கேட்கும். சாட்சி என்பவர் படம் எடுத்தவராகவோ படத்தில் இருப்பவராகவோ இருக்கக் கூடாது. உங்களையே எடுத்துக்கொண்ட படத்துக்கும் படிவம் வேண்டும்.

முகம் தெரியவில்லையே என்று வாதாடுவார்கள் சிலர். தளங்கள் பார்ப்பது முகத்தை அல்ல. அந்த ஆளே பார்த்தால் ‘இது நான்தான்’ என்று சொல்ல முடியுமா என்பதை. பச்சை குத்திய கை, விசேஷமான நகை, பழக்கப்பட்ட இடத்தில் தெரியும் நிழலுருவம் எல்லாம் இதில் மாட்டும். பச்சை குத்தியது இன்னொருவர் வரைந்த ஓவியம் என்பதால் அதற்குத் தனி அனுமதி கேட்பதும் உண்டு.

கையெழுத்து வாங்கும் முன் அவருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: படம் எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஹங்கேரியைச் சேர்ந்த மின்பொறியாளர் ஆண்ட்ராஸ் அராட்டோ ஸ்டாக் படங்களுக்கு நின்றவர். வலியை மறைத்துச் சிரிப்பதுபோல் இருக்கும் அவர் முகம் உலகம் முழுக்க மீமாகச் சுற்றியது. ஆரம்பத்தில் சங்கடப்பட்டவர், பிறகு அதையே ஏற்றுக்கொண்டு மேடைகளில் பேசினார். எல்லோருக்கும் அந்த மனப்பக்குவம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டு ஆட்களையே நிற்க வைப்பதானால் இன்னும் யோசியுங்கள்.

கட்டடம், லோகோ, பொருட்கள்?

லோகோ, பிராண்ட் பெயர், புத்தக அட்டை, ஓவியம், சிற்பம், பொம்மை எதுவும் விளம்பரப் படத்தில் தெரியக் கூடாது. ஷூவின் பக்கவாட்டுக் கோடுகள், மடிக்கணினியின் பின்பக்கச் சின்னம், சட்டைப் பொத்தானில் பொறித்த பெயர் வரைக்கும் பரிசோதகர்கள் பார்ப்பார்கள். எடுக்கும் முன் சுற்றிலும் ஒருமுறை கண்ணை ஓட்டி அப்புறப்படுத்துவது ஐந்து நிமிட வேலை. பிறகு மென்பொருளில் அழிப்பது அரை நாள்.

கட்டடங்களில் பிரபலமான உதாரணம் ஈஃபில் கோபுரம். கட்டிய குஸ்தாவ் ஈஃபில் 1923-ல் இறந்துவிட்டார், அதன் பிறகான எழுபது ஆண்டுப் பதிப்புரிமையும் முடிந்துவிட்டது. பகலில் எடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் இரவில் ஒளிரும் விளக்கு அலங்காரம் பிற்காலத்தில் அமைக்கப்பட்ட தனிப் படைப்பு. அதை வணிகத்துக்குப் பயன்படுத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பொது இடத்திலுள்ள கட்டடங்களைப் படமெடுத்து விற்கும் சுதந்திரம் நாட்டுக்கு நாடு மாறும். சிக்கலான இடங்களின் பட்டியலைத் தளங்களே வைத்திருக்கின்றன, ஏற்றும் முன் தேடிப் பாருங்கள்.

அனுமதி வாங்க முடியாத படங்களை வீசிவிட வேண்டியதுதானா?

வேண்டாம். ‘எடிட்டோரியல்’ என்ற பிரிவில் கொடுக்கலாம். செய்தி, கட்டுரை, பாடநூல் போன்றவற்றில் மட்டும் பயன்படும், விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. போராட்டம், திருவிழா, விளையாட்டு, கடைவீதி, புதிதாக வந்த பேருந்து எல்லாம் இதில் போகும். விளக்கத்தில் ஊர், நாடு, தேதி, என்ன நடக்கிறது என்பதை உள்ளபடி எழுத வேண்டும். எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. நிறம், வெளிச்சத்தைச் சற்றே திருத்தலாம், அதோடு சரி.

படங்களை நிராகரித்துக்கொண்டே இருக்கிறார்கள். காரணம்?

பெரும்பாலும் படத்தை நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்க்காததுதான். சிறிய திரையில் பளிச்சென்று இருக்கும் படத்தில், பெரிதாக்கினால் கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் காதில் விழுந்திருக்கும். நிழல் பகுதிகளைத் தூக்கிவிட்டிருந்தால் நாய்ஸ் மணல் தெளித்ததுபோல் தெரியும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே கிளைகளின் ஓரத்தில் ஊதாக் கோடு படிந்திருக்கும். எஃப் 16 மாதிரிச் சிறிய துவாரத்தில் எடுத்த வானத்தில் சென்சார் தூசு சாம்பல் புள்ளிகளாக உட்கார்ந்திருக்கும். இது மட்டும் எத்தனை நல்ல படங்களைக் கவிழ்த்திருக்கிறது தெரியுமா! அதிகம் கூர்மையாக்குவதும், நிறத்தைத் தாளித்துக் கொட்டுவதும் அடுத்த காரணங்கள். கூடுதல் நிறம் வேண்டுமானால் வாங்குபவர் சேர்த்துக்கொள்வார், நீங்கள் சேர்த்ததை அவரால் எடுக்க முடியாது.

ஒரே மாதிரி இருபது படங்களை ஒன்றாக ஏற்றினால் ‘ஒத்த படங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள். நல்ல மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.

காரணமே புரியாத நிராகரிப்பும் நடக்கும். ஒரு தளம் வேண்டாம் என்ற படத்தை இன்னொரு தளம் அதே நாளில் ஏற்றுக்கொள்ளும். மனதில் வைத்துக்கொள்ளாமல் நகர வேண்டியதுதான்.

விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

வேண்டாம். அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டும் கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 மெகாபிக்சல். நல்ல வெளிச்சத்தில் எடுத்த கைப்பேசிப் படங்கள் தேறுகின்றன. ஜேபெக் கோப்பாக, எஸ்ஆர்ஜிபி நிறத்தில் கொடுங்கள். பணம் செலவழிக்க ஆசையென்றால் முக்காலிக்கும் வெளிச்சத்தை மென்மையாகச் சிதறடிக்கும் ஒரு பெரிய திரைக்கும் செலவழியுங்கள்.

கீவேர்ட் (தேடல் சொற்கள்) எப்படிக் கொடுப்பது?

படம் எடுப்பதில் பாதி நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள். தேடலில் வராத படம் இல்லாத படம்தான்.

அடோபி 49 சொற்கள் வரை அனுமதிக்கிறது, முதல் பத்துக்கு எடை அதிகம், ஆகவே வரிசை முக்கியம். ஷட்டர்ஸ்டாக் 7 முதல் 50 வரை கேட்கும். எல்லா இடத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்றில்லை. படத்தில் இருப்பது என்ன, யார், எத்தனை பேர், எங்கே, என்ன செய்கிறார்கள், என்ன உணர்வு, எந்தக் கருத்து என்ற வரிசையில் யோசித்தால் இருபத்தைந்து சொற்கள் இயல்பாக வந்துவிடும். தேடுபவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் தேடுவதால் அதிலேயே கொடுப்பது வழக்கம். இல்லாததைச் சேர்க்காதீர்கள். ‘மகிழ்ச்சி’ என்று தேடி வந்தவர் கடுகடுத்த முகத்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவார், யாரும் தொடாத படத்தைத் தளமும் கீழே தள்ளும்.

தலைப்பை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. காதலியோடு தெருவில் நடந்து போகும் இளைஞன், எதிரே கடந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து வாயைக் குவிக்கும் படம். 2017-ல் மீமாக உலகைச் சுற்றியது. ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ கியெம் 2015-ல் ஜிரோனா நகரில் எடுத்தது. ஸ்டாக் தளத்தில் அதற்கு அவர் வைத்திருந்த விளக்கத்தின் சாரம்: துரோகம் செய்யும் ஆண், காதலியுடன் நடந்துகொண்டே வேறொரு பெண்ணைப் பார்த்து அசந்துபோகிறான். கவித்துவம் கொஞ்சமும் இல்லை. ஆனால் யார், என்ன செய்கிறார், யாருடன், என்ன கருத்து என்று எல்லாம் அதில் அடங்கிவிட்டது. ‘மாலை நேரத்து மனம்’ என்று பெயர் வைத்திருந்தால் அதை யார் தேடியிருப்பார்கள்?

பண்டிகை, பருவகாலப் படங்களை எப்போது ஏற்றுவது?

இரண்டு மூன்று மாதங்கள் முன்பே. பண்டிகை விளம்பரம் வடிவமைப்பவர் பண்டிகை வாரத்தில் படம் தேடுவதில்லை. இந்த ஆண்டு தவறவிட்டால் பரவாயில்லை, எடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டும் பண்டிகை வரும்.

ஒரே தளத்துக்கு மட்டும் கொடுப்பது நல்லதா?

ஐஸ்டாக்கில் அப்படி ஒப்பந்தம் செய்தால் படத்துக்கு 25 முதல் 45 சதவீதம் வரை தருகிறார்கள். பதிலுக்கு, ராயல்டி ஃப்ரீ முறையில் வேறெங்கும் படங்களை விற்க முடியாது. தொடக்கத்தில் பல தளங்களில் போட்டுப் பார்த்து, எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுப்பதே என் கட்சி.

ஏஐ வந்த பிறகும் இது செல்லுபடியாகுமா?

அடி பலமாக விழுந்தது மேசை மேல் எடுக்கும் கருத்துப் படங்களுக்கும், பொதுவான பின்னணிகளுக்கும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தளங்களின் நிலைப்பாடும் ஒன்றாக இல்லை. கெட்டி 2022-லேயே ஏஐ படங்களுக்குத் தடை போட்டது. ஷட்டர்ஸ்டாக்கும் படம் தருபவர்களிடமிருந்து அவற்றை ஏற்பதில்லை. அடோபி ஏற்கிறது, ஆனால் ஏஐ என்று குறிப்பிட்டாக வேண்டும். அங்கே ஏற்றும் படங்கள் ஃபயர்ஃப்ளை என்ற அதன் கருவிக்குப் பயிற்சியாகவும் போகின்றன. அதற்காகப் படம் கொடுத்தவர்களுக்கு 2023-ல் போனஸ் கொடுத்தார்கள். விதிமுறைகளில் இந்தப் பகுதியைப் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தாதீர்கள்.

நிலைத்து நிற்பது, நிஜமாக நடந்ததற்குச் சாட்சியாக இருக்கும் படம். குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட தெரு, உண்மையான இயந்திரத்தை உண்மையாக இயக்கும் தொழிலாளி, ஒரு கைவினையின் படிப்படியான செய்முறை. தறியில் நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது நெசவாளிக்குத் தெரியும், கணினி அதைத் தோராயமாகத்தான் வரையும். தவறான படத்தைப் போட்டு மானம் போகக் கூடாது என்று நினைக்கும் பதிப்பாளர்கள் நிஜப் படத்துக்குத்தான் வருவார்கள். உங்களுக்கு எந்தத் தொழில் நெருக்கமோ அதைப் படம் எடுங்கள். மருத்துவமனையிலோ பட்டறையிலோ வேலை பார்ப்பவருக்கு, அனுமதி வாங்க முடிந்தால், வெளியாட்கள் நுழைய முடியாத இடம் திறந்து கிடக்கிறது.

வரி, பணம் வருவது?

அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நிரப்பச் சொல்லும். வெளிநாட்டவர் அதை நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் நடந்த விற்பனைப் பங்கில் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள்; உங்கள் நாட்டுக்கு வரி ஒப்பந்தம் இருந்தால் குறையும். அடோபியில் 25 டாலர் சேர்ந்த பிறகே பணம் கேட்கலாம்.

என் படம் எங்கே பயன்பட்டது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் தளம் சொல்லாது. கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் சில இடங்கள் அகப்படும். அதில் திருட்டு எது, லைசென்ஸ் வாங்கியது எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே சண்டைக்குப் போகாமல் முதலில் தளத்திடம் கேளுங்கள்.

ஒரு தளம் ஒத்துவரவில்லை. படங்களை நீக்கிவிடலாமா?

நீக்கலாம். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டும் தொடர்ந்து பயன்படுத்துவார்கள், அதைத் தடுக்க முடியாது. ஒரே தளத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் முன்னறிவிப்புக் காலம் இருக்கும், அது முடியும் வரை வேறெங்கும் ஏற்றாதீர்கள். கோபத்தில் நீக்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள்: நீக்கிய படம் தேடலில் சேர்த்து வைத்திருந்த இடமும் அதோடு போய்விடும். மனம் மாறித் திரும்ப ஏற்றினால், பல முறை விற்ற படமாக இருந்தாலும் புதுப் படமாகவே கடைசியில் நிற்கும்.